மேலூர் ரோட்டு வீட்டு வழக்கு

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் முழுகிவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு வரலாம் என்று மேலூர் ரோட்டுக்குப் போனாள் செல்லக்கிளி. அவள் வீட்டு வாசலிலேயே ஒருத்தி அவளை நிறுத்தி, "யாருங்க, யாரு வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

சந்து மாறி வந்துவிட்டோமோ என்றுதான் செல்லக்கிளிக்கு முதலில் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். எதிரே அதே வாழைத்தோப்பு. பக்கத்தில் அதே பெலிண்டா சிஸ்டர் வீடு. அவள் பார்த்துப் பார்த்து அடிக்கச் சொன்ன அதே பச்சை கேட். ஆனால் மாடியில் கொடி கட்டி யாருடைய லுங்கியோ, பள்ளிக்கூடச் சட்டையோ காய்ந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் வழியாகக் குழம்பு தாளிக்கும் வாசனை வந்தது. காம்பவுண்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: 'இவ்விடம் மு. அன்புச்செல்வனுக்குப் பாத்தியப்பட்டது. அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' கீழே ஒரு செல்போன் நம்பர்.

"இது என் வீடும்மா," என்றாள் செல்லக்கிளி.

"அன்புச்செல்வன் அண்ணன் வீடுங்க இது. அவருதான் எங்கள குடி வச்சிருக்காரு. எதுவா இருந்தாலும் அவருகிட்ட பேசிக்குங்க." அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மடியில் பாதி கட்டிய கதம்பச் சரம், விரலில் நார். பூ கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவள் போலிருந்தது. கேட்டைச் சாத்தும்போது அவள் முகத்திலும் பயம் இருந்ததைச் செல்லக்கிளி கவனித்தாள்.

கையில் கொண்டுபோயிருந்த விளக்குமாற்றோடு அவள் பஸ் ஏறினாள். பாலத்தின் மேல் போகும்போது காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

செல்லக்கிளியும் அவள் கணவர் பிச்சமுத்துவும் துவாக்குடியில் மெஸ் நடத்துகிறார்கள். இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளும் லேத் பட்டறை ஆட்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். விடியும் முன் அடுப்பு பற்ற வைத்தால் இட்லி, பொங்கல் முடிந்து, மதியச் சாப்பாடு முடிந்து, ராத்திரி பரோட்டாவுக்கு மாவு அடித்து ஓயும்வரை அவளுக்கு உட்கார நேரம் இருக்காது. இரண்டு பேரும் மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவர்கள். கடலையும் சோளமும் மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற பூமி. குடிக்கிற தண்ணீருக்கே ஊர் எல்லை தாண்டி நடக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் காவிரிப் பாலத்தில் நெரிசலில் பஸ் நின்றபோது, "இந்த ஆத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு இருந்தா எப்படி இருக்கும்," என்று அவள் சொன்னாள். பிச்சமுத்து சிரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டார். மெஸ் காலூன்றிய பிறகு காட்டை விற்று, அதோடு இருபது வருஷ உழைப்பையும் சேர்த்து, மேலூர் ரோட்டில் அந்தச் சின்ன வீட்டை அவள் பெயரிலேயே வாங்கினார். பத்தடியில் தண்ணீர். இப்போதைக்கு வாடகைக்கு விடுவது, உடம்பு தளர்ந்ததும் மெஸ்ஸை விட்டுவிட்டு அங்கே போய் இருப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மாசியில் வாடகைக்கு இருந்தவர் மாற்றலாகிப் போனார். பங்குனி பிறந்ததும் செல்லக்கிளி வெள்ளையடித்து, ஒரு கட்டிலும் கிரைண்டரும் நாலைந்து அண்டாவும் கொண்டுபோய் வைத்துப் பூட்டினாள். அதே மாதம் பிச்சமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பத்தியச் சமையல், அதன் நடுவில் மெஸ் என்று நாட்கள் போனதில் ஆடிவரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் பந்தி முடிந்து பிச்சமுத்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். கத்தியைக் கீழே வைத்தார். "நம்பர் எழுதிட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

போன் எடுத்த அன்புச்செல்வன் மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணே, ஒங்களுக்கு வித்தாரு பாருங்க, அவரு அண்ணன் மகனுக்கும் அந்த வீட்டுல பங்கு இருக்கு. அவருகிட்ட நான் அக்ரிமென்ட் போட்டிருக்கேன். ஒங்க பத்திரம் செல்லாது. நீங்க ஏமாந்துட்டீங்க, பாவம். கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க. நம்ம காலத்துல முடியாது, நம்ம பிள்ளைங்க காலத்துல முடியலாம்."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பத்திரத்தையும் வீட்டு வரி ரசீதையும் புரட்டிப் பார்த்த அதிகாரி, அன்புச்செல்வனையும் கூப்பிட்டு விசாரித்தார். அவனும் ஒரு கத்தைக் காகிதம் கொண்டுவந்தான். "ரெண்டு பேரும் பேப்பர் காட்டறீங்க. எது செல்லும்னு நான் சொல்ல முடியாதும்மா. மனு வாங்கிக்கிறேன், ரசீது தரேன். நீங்க கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்க," என்றார். அவர் அதைக் கனிவாகச் சொன்னது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பொன்னர் மருங்காபுரியிலிருந்து வந்து இறங்கினான். கடலை வியாபாரம், சொந்தமாக லோடு வண்டி, கூப்பிட்டால் வர பத்து ஆள். மெஸ்ஸின் பின்கட்டில் வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே பேசினான்.

"ஒரு மணி நேர வேலதான்க்கா. ஆளுங்கள ஏத்திக்கிட்டு வரேன். சாமான் சட்டைய தூக்கி ரோட்டுல வச்சுட்டு நம்ம பூட்டைப் போட்டுட்டு வந்துருவோம். அவன் செஞ்சதத்தான நாம செய்யப் போறோம்?"

"மாப்ள, அடிதடின்னு ஆயிடுச்சுன்னா?" என்றார் பிச்சமுத்து.

"ஆகட்டும் மச்சான். ஒங்கள யாரு வரச் சொன்னா, நீங்க மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க."

செல்லக்கிளி வாணலியில் அடுத்த ஈடு பஜ்ஜியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தன் கிரைண்டரில் யாரோ மாவு அரைக்கிறார்கள் என்ற நினைப்பு அவளைவிட்டுப் போகவே இல்லை. "சரி, வியாழக்கிழமை வா," என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை மதியம், தினமும் சாப்பிட வரும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்து விசாரித்துவிட்டு, தன் பட்டறை இடத்து வழக்கை நடத்திக் கொடுத்த வக்கீலின் பெயரைச் சொன்னார். வேதவதி. ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் வீட்டோடு சேர்ந்த ஆபீஸ். அன்று சாயங்காலமே செல்லக்கிளி போய் நின்றாள்.

வேதவதிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணக் கோடு, மூக்கில் வைரப் பொட்டு. உள்ளே யாரோ பெருமாளுக்குத் தளிகை அமுது செய்விக்கும் மணிச்சத்தம் கேட்டது. செல்லக்கிளி வாசலிலேயே தயங்க, "உள்ள வாங்கோம்மா, அங்க ஏன் நிக்கறேள்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். நாளைக்குப் பொன்னர் ஆட்களோடு வருகிறான் என்பதையும் செல்லக்கிளி மறைக்கவில்லை.

"வரட்டும். அவாளை வெளில தள்ளிட்டு நீங்க உள்ள போயிடலாம். போனேள்னா என்ன நடக்கும்னு மட்டும் சொல்றேன். மறுநாளே அவன் ஒங்க மேல கேஸ் போடுவான். 'நான் குடியிருந்தேன், பலவந்தமா வெளியேத்திட்டா'ன்னு. ஜெயிப்பான்."

"வீடு என்னதுங்க. பத்திரம் என் பேர்ல இருக்கு."

"பத்திரத்தையே கோர்ட்டு அதுல பாக்காது. யார் இருந்தா, யார் யாரைச் சட்டத்துக்கு விரோதமா வெளியேத்தினா, இதுதான் கேள்வி. கரன்ட்டைப் பிடுங்கறது, தண்ணிய நிறுத்தறது எல்லாம்கூட வேண்டாம். இப்ப சட்டம் ஒங்க பக்கம் நிக்கறது. நாளைக்குக் கார்த்தால அதை நீங்களே அவன் பக்கம் அனுப்பி வைக்கப் போறேளா?"

செல்லக்கிளி பத்திரப் பையை மேஜை மேல் எடுத்து வைத்தாள்.

"ரெண்டு வழி இருக்கு," வேதவதி தொடர்ந்தாள். "வீடு என்னுதுன்னு கோர்ட்டே அறிவிக்கணும், அதான் விளம்புகை, வீட்டையும் என் சுவாதீனத்துல ஒப்படைக்கணும்னு கேட்டுப் போடலாம். அது பெரிய கேஸ். அவன் பத்திரம், ஒங்க பத்திரம், மூலப் பத்திரம் எல்லாம் அலசணும். அவன் அப்பீல், ரெண்டாவது அப்பீல்னு இழுப்பான். இன்னொண்ணு சின்ன கேஸ். 'நான் அனுபவிச்சிண்டிருந்தேன், இவன் பூட்டை உடைச்சுண்டு உள்ள வந்தான்.' அவ்வளவுதான். யாருக்குச் சொந்தம்கிற பேச்சே கிடையாது. அப்பீலும் கிடையாது. ஆனா ஒரு நிபந்தனை. அவன் உள்ள புகுந்து ஆறு மாசத்துக்குள்ள போட்டாகணும். என்னிக்குப் புகுந்தான்?"

"தெரியாதுங்களே. பங்குனியில நான் பூட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம் இப்பத்தான் பாக்குறேன்."

"பங்குனிக்கு அப்புறம்னா காலம் இருக்கு. ஆனா அவன் சும்மா இருக்க மாட்டான். தையிலேயே வந்துட்டேன்னு சொல்வான், ஆறு மாசம் தாண்டிடுத்துன்னு காட்டறதுக்கு. தேதிய நிரூபிக்க ஒரு ஆள் வேணும். கண்ணால பாத்தவா யாராவது இருக்காளா, தேடுங்கோ."

படியிறங்கி வந்து, தெற்கு வாசல் கூட்டத்தில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள். "வராதடா," என்றாள். அவன் கத்தினான். "நீ கத்து. ஆனா வராத. வந்தா நான் ரோட்டுல மறிச்சுப் படுத்துருவேன்."

வழக்குப் போட்டாகிவிட்டது. வேதவதி சொன்னபடியே அன்புச்செல்வனின் பதில் வந்தது. தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தேன், அன்றிலிருந்து இடைவிடாமல் அனுபவித்து வருகிறேன் என்று. அதற்கு இரண்டு சாட்சிகளையும் வைத்திருந்தான்.

கண்ணால் பார்த்த சாட்சி என்று செல்லக்கிளிக்கு மிச்சமிருந்தது பெலிண்டா சிஸ்டர்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை, மகன் துபாயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசைக்குப் போய்வந்த பிறகு, தூக்குச் சட்டியில் நெத்திலிக் குழம்போடு செல்லக்கிளி போனாள். சிஸ்டர் கதவை முழுசாகத் திறக்காமலே தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் பாத்தேன்," என்றார் உட்கார்ந்ததும். "பாக்கலன்னு ஒங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோர்ட்டுக்கெல்லாம் கூப்பிடாத செல்லக்கிளி. 'நான் வாங்கிட்டேன் சிஸ்டர்'னு சொன்னான். வாங்குனவன் எதுக்கு கடப்பாரையோட வரணும்னு எனக்கே தோணுச்சு. ஒங்க நம்பர் எங்கிட்ட இல்ல. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. நான் ஒத்தையா இருக்கேன். ராத்திரியில அவன் ஆளுங்க அந்தப் போர்டிகோவுலதான் உக்காந்திருக்கானுங்க."

"நான் வற்புறுத்தலங்க சிஸ்டர்."

"நீ வற்புறுத்த மாட்ட. அதான் கஷ்டமா இருக்கு."

செல்லக்கிளி அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சிஸ்டரின் மகனைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். குழம்பை வேறு கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுத் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே வரும்போது தன் வீட்டுக் கேட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தாள். பூக்காரப் பெண் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கிளியின் அண்டா.

வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. நீதிமன்றத்துக்குப் போகிற நாளில் அவள் இரண்டு மணிக்கே எழுந்து சாம்பாருக்குப் பருப்பை வேக வைத்து, கூட்டுக்கும் பொரியலுக்கும் பிச்சமுத்துவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறுவாள். கோர்ட் வராந்தாவில் காலை முழுக்க நின்று, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்புவாள். மெஸ்ஸில் ரசம் சப்பென்று இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். பிச்சமுத்து உப்பில்லாத பத்தியத்துக்குப் பழகிவிட்டதால் எல்லாக் குழம்பிலும் உப்பைக் குறைத்துவிடுகிறார் என்று அவள் கண்டுபிடிக்கவே சில வாரம் ஆனது.

அடுத்த ஆடியும் வந்து போனது. அந்த வருஷம் அவள் அம்மா மண்டபத்துக்குப் போகவில்லை.

ஒருநாள் மதியம், பந்தி நிறைந்திருந்த நேரத்தில், அன்புச்செல்வன் மெஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை, கையில் தடித்த செயின். அவனை அவள் கோர்ட்டில் பார்த்திருந்தாள். பிச்சமுத்து கல்லாவிலிருந்து எழப் போனார். அவள் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, எல்லோருக்கும் வைப்பது போலவே கூட்டு, பொரியல், அப்பளம் வைத்துச் சோறு போட்டாள். அவன் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை சோறு கேட்டான். மோரையும் கையில் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தான்.

"நல்லா சமைக்கிறீங்கக்கா. இந்தக் கையி கோர்ட்டு வராந்தாவுல நிக்கலாமா? நான் ஒரு வழி சொல்றேன். எனக்கும் செலவு ஆயிருக்குல்ல. அதுக்கு ஏதோ பாத்து செஞ்சீங்கன்னா காலி பண்ணிக் குடுத்துர்றேன். இல்ல, எனக்கே ஒரு வெலைக்குக் குடுத்துருங்க. அண்ணனுக்கு வேற ஒடம்பு சரியில்ல."

பக்கத்து இலையில் இருந்த பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"என் வீட்ட விட்டுப் போறதுக்கு நான் ஒங்களுக்குக் குடுக்கணுமா?" என்று கேட்டாள் செல்லக்கிளி. கையில் மோர் வாளி அப்படியே இருந்தது. "நீங்க சாப்பிட்டதுக்கு ஒங்ககிட்ட காசு வாங்குறேன். அது நான் ஒழச்ச காசு. கல்லாவுல குடுத்துட்டுப் போங்க. மத்தத நீதிபதி முன்னாடி பேசிக்குவோம்."

அவன் எழுந்து கை கழுவி, கல்லாவில் காசு வைத்தான். பிச்சமுத்து மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். அவன் போனதும் அவள் அந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு இலை போட்டாள்.

சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். செல்லக்கிளி சாட்சி சொன்னாள். கட்டிலையும் கிரைண்டரையும் வைத்துப் பூட்டியதைச் சொன்னாள். "பங்குனிக்கு அப்புறம் நீங்க அந்தப் பக்கமே போகல, இல்லையா?" என்று எதிர்வக்கீல் கேட்டார். "போகல." "அப்ப தையில அவர் வந்தாரா, சித்திரையில வந்தாரான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" "பங்குனியில நான் போனப்ப வீட்டுல யாரும் இல்லீங்க," என்றாள். "அதுக்குச் சாட்சி?" என்றார் அவர்.

கூண்டைவிட்டு இறங்கி வக்கீல் மேஜைப் பக்கம் வந்தாள். வேதவதி காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்தும் எதுவும் தெரியவில்லை.

அப்போது வாசல் பக்கம் வெள்ளைப் புடவை தெரிந்தது. பெலிண்டா சிஸ்டர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். ஆட்டோவில் வந்ததாகவும் பாலத்தில் நெரிசல் என்றும் யாரிடமென்றில்லாமல் சொன்னார். "நான் வர்றதா வக்கீலம்மாகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். ஒங்கிட்ட சொல்லிட்டு, கடைசியில பயந்து வராம போயிட்டா நீ ஒடஞ்சுருவன்னு சொல்லல," என்று செல்லக்கிளியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கூண்டில் ஏறினார்.

வேதவதி கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு எதிர்வக்கீல் எழுந்தார்.

"ஒங்களுக்கு வயசு என்ன?"

"அறுவத்தெட்டு."

"கண்ணாடி போடறீங்க."

"படிக்கிறதுக்கு. எட்டத்துல இருக்கறது நல்லாத் தெரியும். ஒங்க கோட்டுல ரெண்டாவது பட்டன் இல்ல, அதுவும் தெரியுது."

கோர்ட்டில் மெல்லச் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் பூட்டு ஒடஞ்சுதுன்னு சொல்றீங்க. அது எந்த நாள்னு இவ்வளவு திட்டமா எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க? செல்லக்கிளி சொல்லிக் குடுத்தாங்களா?"

"பெரிய வெள்ளிக்கிழமைங்கய்யா அது. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. சர்ச்ல சிலுவைப் பாதை முடிஞ்சு, காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்காம, வெயில்ல நடந்து வரேன். ரெண்டு பேரு கடப்பாரைய வச்சுப் பூட்டை நெம்பிக்கிட்டிருக்காங்க. இவரு வண்டியில சாஞ்சு நின்னுக்கிட்டு, 'என்ன சிஸ்டர், இன்னிக்கு எல்லாத்துக்கும் லீவு போல'ன்னு கேட்டாரு. கோர்ட்டு லீவு, ஆபீஸ் லீவு, அதுக்கடுத்து சனி, ஞாயிறு. யாரும் எதுவும் செய்ய முடியாதுன்னு தெரிஞ்சுதான் அந்த நாளப் பாத்து வந்திருக்காரு. நான் ஆண்டவர் பாடுபட்ட நாள்னு போனேன். இவரு லீவு நாள்னு வந்தாரு."

"அப்படிப் பாத்தவங்க அன்னைக்கே ஏன் போலீசுக்குப் போகல? ஒன்றரை வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க?"

சிஸ்டர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பயம்," என்றார். "பயந்துதான் போகல. இப்பவும் பயமாத்தான் இருக்கு. இங்கேர்ந்து நான் அவரு பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும். நான் பயந்ததுக்காக தேதி மாறிடுமாங்கய்யா?"

எதிர்வக்கீல் மேலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து அன்புச்செல்வனின் சாட்சி ஒருவன் ஏறினான். தை மாதம் பால் காய்ச்சினார்கள் என்றான். எந்த அறையில் காய்ச்சினார்கள், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று வேதவதி கேட்டாள். வீடு காலியாக இருந்தது என்றான். மாசிவரை அங்கே வாடகைக்கு இருந்து மாற்றலாகிப் போனவரைத் தேடிப்பிடித்து வாங்கிய, அவர் கையெழுத்துப் போட்ட சாட்சியத்தை அவள் நீதிபதியிடம் எடுத்து நீட்டினாள். கூண்டில் நின்றவன் தண்ணீர் வேண்டும் என்றான்.

அன்று இரவு சிஸ்டர் தன் வீட்டுக்குப் போகவில்லை. துவாக்குடிக்கு வந்து செல்லக்கிளியின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். மறுநாள் காலை இட்லிக்குச் சட்னி அரைத்துக் கொடுத்தார். பொன்னர் தன் வண்டியில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டு, எதிர்த் தோப்புக் குடிசையில் இரண்டு ஆளைத் தங்க வைத்தான். "நான் ஆளு வேணாம்னு சொன்னது வீட்டப் பிடிக்கத்தான்டா, இதுக்கில்ல," என்றாள் செல்லக்கிளி. அவன் முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அப்பீல் கிடையாது என்பதால் மறுசீராய்வு மனு என்று அன்புச்செல்வன் மதுரைக்கு, ஹைகோர்ட்டுக்குப் போனான். அங்கேயும் முதல் நாளே தள்ளுபடியாயிற்று. வேதவதி போனில் சொன்னபோது செல்லக்கிளி நூறு பேர் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆவியில் முகம் நனைந்திருந்தது. "என்னாச்சு?" என்று பிச்சமுத்து கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்மதுன்னு சொல்லிட்டாங்க," என்றாள்.

மறுவருஷம் ஐப்பசி மாதம் அடைமழை. கோர்ட்டிலிருந்து உத்தரவை நிறைவேற்றும் அமீனா வந்தார், கூட இரண்டு போலீசார், பூட்டுத் திறக்கிற ஆள் ஒருவர். செல்லக்கிளியும் பிச்சமுத்துவும் குடைக்குள் நின்றார்கள். வேதவதி மடிசார் நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு சிஸ்டர் வீட்டு வாசலில் நின்றாள். கோயிலில் ஏதோ உற்சவம், அப்படியே வந்துவிட்டதாகச் சொன்னாள். அன்புச்செல்வன் வரவில்லை. அவன் ஆட்களும் இல்லை.

கேட்டைத் திறந்தது பூக்காரப் பெண் ராசாத்திதான். இத்தனை நாளில் அவள் பெயர் அன்றுதான் தெரிந்தது. "போன் எடுக்க மாட்டேங்கறாருங்க," என்றாள். "எவன் வந்தாலும் வெளியில வராதன்னு சொல்லித்தான் வச்சாரு. இப்ப எடுக்க மாட்டேங்கறாரு. நாங்க எங்க போறது?"

"அது எங்க வேல இல்லம்மா. சாமான எடுங்க," என்றார் அமீனா. முன்னறையில் அடுக்கியிருந்த அன்புச்செல்வனின் மனை விற்பனை விளம்பர போர்டுகளை முதலில் வெளியே எடுத்துச் சாய்த்தார்கள். அவற்றில் அச்சடித்திருந்த சிரித்த முகங்களில் மழைத்தண்ணீர் வழிந்தது. பிறகு சமையலறைக்குள் போன ஆள் திரும்பி வந்து, "அடுப்புல உலை கொதிக்குதுங்க," என்றான்.

"எறக்கி வெளிய வை."

"வேணாம்," என்றாள் செல்லக்கிளி. அமீனா திரும்பிப் பார்த்தார். "அரிசி போட்டாச்சு. பாதியில எறக்குனா வீணாப் போயிடும். வடிச்சுட்டே எடுத்துக்கட்டும். நாங்க நிக்கிறோம்."

"பொசிஷன் எடுக்க வந்த எடத்துல இப்படி யாரும் கேட்டு நான் பாத்ததில்லம்மா."

"சோறுங்க அது," என்றாள் அவள்.

கால் மணி நேரம் எல்லோரும் மழையில் நின்றார்கள். ராசாத்தி சோற்றை வடித்துத் தூக்கில் போட்டு மூடினாள். அம்மா மண்டபத்துப் பக்கம் அவளுடைய அக்கா வீடு இருக்கிறது என்று அவள் மகன்தான் சொன்னான். லோடு வண்டியோடு வந்திருந்த பொன்னர் அவர்கள் சாமானை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினான். போகும்போது ராசாத்தி அண்டாவைத் திருப்பி வைத்தாள். "நல்லாத் தேச்சுத்தாங்க வச்சிருக்கேன்," என்றாள்.

அமீனா காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புதுச் சாவியைச் செல்லக்கிளியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். சுவரெல்லாம் ஆணி. தரையில் பெயின்ட் கறை. பின்கட்டில் பாசி பிடித்து வழுக்கியது. அவள் அழுவாள் என்று பிச்சமுத்து பயந்துகொண்டிருந்தார். அவள் புடவையை வரிந்து செருகினாள். "நின்னுக்கிட்டே இருக்கீங்க, அந்த விளக்குமாத்த எடுங்க," என்றாள்.

மறுநாள் பால் காய்ச்சுவதென்று முடிவானது. மெஸ் வாசலில் பிச்சமுத்து சிலேட்டில் எழுதி மாட்டினார்: 'இன்று மதியச் சாப்பாடு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில், எங்கள் வீட்டில். எல்லோரும் வரலாம்.' யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள், ஒரு பேச்சுக்கு எழுதியதுதான் என்று அவர் நினைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ்ஸிலிருந்து காலேஜ் பிள்ளைகள் இறங்கினார்கள். அடுத்த பஸ்ஸில் லேத் பட்டறை ஆட்கள். எதிர்த் தோப்புக்காரர் வாழை இலையை அறுத்துக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். கூடத்தில் ஒரு வரிசை, முன்னறையில் ஒரு வரிசை, மழை விட்டிருந்ததால் மாடியில் ஒரு வரிசை. பெலிண்டா சிஸ்டர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அப்பளம் வைத்தார். காம்பவுண்டுச் சுவரில் இருந்த சிவப்பு எழுத்தின் மேல் பொன்னர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். ஒரு பூச்சுக்கு மறையவில்லை என்று இரண்டாவது பூச்சு அடித்தான்.

வேதவதி கோர்ட்டிலிருந்து திரும்புகிற வழியில் வந்து வாசலில் நின்றாள். அவள் வீட்டார் வெளியே எங்கும் கை நனைக்கிறவர்கள் அல்ல என்பது செல்லக்கிளிக்குத் தெரியும். அதனால் சாப்பிடக் கூப்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வெத்தலை இருக்கட்டும். பாயசம் வாசனை தெருக்கோடி வரைக்கும் வரதே. எனக்குக் கெடையாதா?" என்றாள் வேதவதி.

நின்றபடியே ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள். "அவன் அந்தப் பெரிய கேஸைப் போட்டாலும் போடுவான். போடட்டும். ஒங்க பத்திரம் இரும்பு மாதிரி இருக்கு, நான் மூலம் வரைக்கும் பாத்துட்டேன். இனிமே வெளில நின்னு கேக்கப் போறவன் அவன்தான்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது மூன்று மணியாகிவிட்டது. செல்லக்கிளி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவள் நின்றபடியே சட்டியில் மிச்சமிருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வாள். பிச்சமுத்து அவள் தோளைப் பிடித்து அழுத்திக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தார். இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். பரிமாறிப் பழக்கமில்லாமல் சோற்றை ஒரு பக்கமாகக் கொட்டினார். சாம்பாரை ஊற்றிவிட்டு, "உப்பு சரியா இருக்கா பாரு," என்றார்.

ஒரு வாய் வைத்தாள். "இருக்கு," என்றாள்.

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. ஆற்றுக் காற்று ஈர மண் வாசனையோடு கூடத்துக்குள் வந்தது. அவள் அவசரமில்லாமல் சாப்பிட்டாள். ரசத்துக்குச் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளியே பஸ் நிற்கும் சத்தம், பிறகு பேச்சுக்குரல்கள். வகுப்பு முடிந்து தாமதமாக வந்த பிள்ளைகள் நாலு பேர், திறந்த கேட்டுக்கு வெளியே தயங்கி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, சாப்பாடு இருக்கா, முடிஞ்சிருச்சா?"

செல்லக்கிளி இலையைவிட்டு எழுந்திருக்கவில்லை. இடது கையால் பக்கத்துத் தரையைக் காட்டினாள்.

"இருக்கு, உள்ள வாங்கப்பா," என்றாள். "நம்ம வீடுதான்."